சிங்கப்பூர் சிம்பொனி இசைக்குழுவின் கச்சேரிக்கு முதன்முறையாகச் செல்வோருக்கான முழுமையான வழிகாட்டி

இளையராஜாவின் சிம்பொனி 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அரங்கேறிய பிறகு, சிங்கப்பூரில் உள்ள நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கத் தொடங்கினார்கள்: இங்கே நம் ஊர் இசைக்குழு வாசிப்பதை நேரில் கேட்க வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும்? அதற்கு முன்பும் பலரை நான் அழைத்துச் சென்றிருக்கிறேன். அவர்களில் சிலர் இடைவேளையிலேயே சோர்ந்துபோனதையும், சிலர் அடுத்த மாதமே தாமாக நுழைவுச்சீட்டு வாங்கியதையும் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

இரு தரப்பினருக்கும் இடையே இருந்த வேறுபாடு ரசனை அன்று. செய்த காரியங்களின் வரிசைதான். சோர்ந்துபோனவர்கள் முதலில் தமக்கு வசதியான தேதியைப் பார்த்தார்கள், அடுத்து மலிவான இருக்கையைப் பிடித்தார்கள், என்ன வாசிக்கப்போகிறார்கள் என்பதை அரங்கில் உட்கார்ந்த பிறகுதான் படித்தார்கள். கீழே உள்ள படிகள் அந்த வரிசையைத் தலைகீழாக மாற்றுகின்றன. கச்சேரிக்கு மூன்று வாரங்களுக்கு முன்பே தொடங்கினால் எதையும் அவசரமாகச் செய்ய வேண்டியிருக்காது.

1. முதலில் படைப்பு, பிறகு தேதி

இசைக்குழுவின் நிகழ்ச்சி அட்டவணையைத் திறந்ததும், கையசைத்துக் குழுவை வழிநடத்தும் நடத்துநரின் பெயரும் தனி வாசிப்பாளரின் படமும் பெரிதாகக் கண்ணில் படும். அவற்றைத் தாண்டி, என்னென்ன படைப்புகள் என்ற சிறிய வரிகளைப் படியுங்கள். ஒரு வழக்கமான மாலை மூன்று படைப்புகளால் ஆனது: பத்து நிமிட அளவில் ஒரு தொடக்கப் படைப்பு, பியானோவோ வயலினோ முன்னின்று வாசிக்கும் அரை மணி நேரக் கன்செர்ட்டோ, இடைவேளைக்குப் பிறகு ஒரு சிம்பொனி, அதாவது முழு இசைக்குழுவுக்காக எழுதப்பட்ட, பல பகுதிகள் கொண்ட நீண்ட படைப்பு. மொத்தம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம்.

முதல் முறைக்கு, நான்கு பகுதிகள் கொண்டதும் முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடத்துக்குள் முடிவதுமான சிம்பொனி உள்ள மாலையைத் தேர்ந்தெடுங்கள். பீத்தோவனின் ஐந்தாவது அல்லது ஏழாவது, துவோர்ஷாக்கின் ஒன்பதாவது போன்றவை பொருத்தமானவை; அவற்றின் மெட்டுகள் தெளிவாக அறிமுகமாகி, மீண்டும் மீண்டும் திரும்பி வருவதால் புதிய காது அவற்றை அடையாளம் கண்டுகொள்கிறது. மாலர், புரூக்னர் ஆகியோரின் பெரிய சிம்பொனிகளில் சில ஒரு மணி நேரத்தைக் கடந்து செல்பவை. அவை அருமையானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அவற்றைக் கேட்க நினைவாற்றலும் உட்காரும் பழக்கமும் வேண்டும், அவை இரண்டும் மூன்றாவது நான்காவது கச்சேரியில்தான் வரும்.

தேர்ந்தெடுத்த சிம்பொனியை ஏதாவது ஒரு பதிவில் ஒரு முறை முழுமையாகக் கேட்டுவிட்டு, பிறகு சீட்டு வாங்குங்கள். முழுவதும் கேட்டும் ஓர் இடம்கூட மனத்தில் ஒட்டவில்லை என்றால் வேறு மாலையைத் தேடுவதில் தவறில்லை.

குழந்தைகளை அழைத்துச் செல்ல விரும்புவோர் இந்தப் படியிலேயே வயது விதியைப் பார்த்துவிட வேண்டும். வழக்கமான மாலைக் கச்சேரிகளுக்கு ஆறு வயது நிரம்பியவர்களைத்தான் அனுமதிப்பார்கள். சிறு குழந்தைகளுக்கென்றே ‘பேபீஸ் பிராம்ஸ்’ என்ற நிகழ்ச்சியை இந்தக் குழு நடத்துகிறது. தாவரவியல் பூங்காவின் ஏரி மேடையில் அது நடத்தும் இலவசக் கச்சேரிகளும் குடும்பத்தோடு செல்ல ஏற்றவை. பாய் விரித்து உட்காரலாம், குழந்தை எழுந்து ஓடினாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

2. எந்த அரங்கம் என்பதை உறுதிசெய்யுங்கள்

இந்தக் குழுவுக்கு உரிய இல்லம், எம்பிரஸ் பிளேஸில் மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் உள்ள விக்டோரியா கச்சேரி அரங்கம். ஆனால் அதில் 673 இருக்கைகளே உள்ளன, மேடையும் அளவானது. எனவே பெரிய அணியும் பாடகர் குழுவும் தேவைப்படும் படைப்புகளை, 1,600 பேருக்கு மேல் அமரக்கூடிய எஸ்பிளனேட் கச்சேரி அரங்கில் வாசிக்கிறார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று பத்துப் பதினைந்து நிமிட நடைத் தொலைவில் இருப்பதால், “அந்தப் பக்கம்தானே” என்ற நினைப்பில் பலர் தவறான கட்டடத்துக்குப் போய்விடுகிறார்கள்.

என்னுடன் வரவிருந்த ஓர் அக்கா, கலா உத்சவம் என்ற இந்தியக் கலை விழாவுக்கு ஆண்டுதோறும் எஸ்பிளனேடுக்குச் செல்பவர். இசைக் கச்சேரி என்றால் அங்கேதான் என்று எண்ணி அங்கே நின்றுவிட்டார். நான் விக்டோரியாவின் படிக்கட்டில் காத்திருந்தேன். அவர் வேகமாக நடந்து வந்து சேர்ந்தபோது கதவு அடைக்கப்பட்டிருந்தது. முதல் படைப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. சீட்டில் உள்ள அரங்கின் பெயரை வாங்கும்போது ஒரு முறையும், புறப்படும்போது ஒரு முறையும் வாய்விட்டுப் படியுங்கள்.

தேர்வு உங்கள் கையில் இருந்தால், முதல் அனுபவத்துக்கு நான் விக்டோரியாவையே சொல்வேன். அங்கே பின்வரிசையில் உட்கார்ந்தாலும் செல்லோ வாசிப்பவரின் வில் நரம்பைத் தொடும் இடம் தெரியும்; எந்த ஒலி எந்தக் கருவியிலிருந்து பிறக்கிறது என்பதைக் கண் காதுக்குக் கற்றுக்கொடுக்கும்.

3. இருக்கையைத் தேர்ந்தெடுத்தல்

புதியவர்கள் அதிகம் தவறுவது இந்தப் படியில்தான். சபாக்களில் முன்வரிசை உயர்ந்தது. வித்துவானின் முகமும் விரலும் தெரியும், ஒலியை எப்படியும் ஒலிபெருக்கி கொண்டுவந்து சேர்த்துவிடும். சிம்பொனிக் கச்சேரியில் ஒலிபெருக்கி இல்லை. தொண்ணூறு பேர் எழுப்பும் ஒலி காற்றில் கலந்து, சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி, ஒன்றாகிய பிறகே உங்களை அடைய வேண்டும். முன்வரிசையில் அந்தக் கலப்பு நிகழ இடமில்லை. அங்கே உங்கள் எதிரில் உள்ள வயலின்கள் மட்டும் பெரிதாகக் கேட்கும். அவற்றுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட் ஆகிய ஊதுகருவிகளின் கலைஞர்களுடைய தலைகூடத் தெரியாது.

எஸ்பிளனேடில் கீழ்த்தளத்தின் நடுப்பகுதிக்குப் பின்னால், அல்லது முதல் மாடத்தின் நடுவில் உட்காருவது சிறந்தது. பணம் சேமிக்க வேண்டுமென்றால், கீழ்த்தளத்தின் ஓரத்தைவிட மேல்மாடத்தின் நடுப்பகுதியைத் தேர்ந்தெடுங்கள். உயரத்தில் இருந்து முழு அணியும் வரைபடம்போல் விரிந்து தெரியும். ஒலியும் நன்கு கலந்தே மேலேறி வரும். உயரம் என்றால் தலைசுற்றுபவர்கள் மட்டும் அதைத் தவிர்த்துவிடலாம்.

மேடைக்குப் பின்னால் உள்ள இருக்கைகள் தனி வகை. அங்கிருந்து நடத்துநரின் முகத்தையும், ஒவ்வொரு அணிக்கும் அவர் கண்ணால் சொல்லும் குறிப்பையும் காணலாம். ஆனால் டிம்பனி முரசும் டிராம்போனும் உங்கள் காலடியில் இருக்கும். வயலின்கள் தொலைவுக்குப் போய்விடும். பாடகர் இருந்தால் அவர் குரல் எதிர்த்திசையில் சென்றுவிடும். அதனால் அந்த இடம் இரண்டாவது கச்சேரிக்கு உரியது.

பியானோ கன்செர்ட்டோ உள்ள மாலையில் விசைப்பலகை பார்வையாளருக்கு இடப்பக்கம் இருக்கும். விரல்களைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் நடுவிலிருந்து சற்று இடப்பக்கமாக இருக்கை எடுக்க வேண்டும்.

4. நுழைவுச்சீட்டு வாங்குதல்

சிஸ்டிக் என்ற சீட்டு விற்பனை நிறுவனம் வழியாகவோ அரங்கின் சீட்டு முகப்பிலோ வாங்கலாம். மாணவர்களுக்கும் மூத்தோருக்கும் சலுகை விலை உண்டு என்பதால், பணம் செலுத்தும் முன் அந்தப் பிரிவைத் திறந்து பாருங்கள்; சலுகைச் சீட்டு எடுத்தவர்கள் அடையாள அட்டையைக் கையோடு கொண்டுசெல்ல வேண்டும். இருவர் சேர்ந்து போவதாக இருந்தால் ஒரே நேரத்தில் வாங்குங்கள். தனித்தனியாக வாங்கி, அரங்கில் மற்றவர்களிடம் இடம் மாற்றிக்கொள்ளச் சொல்லிக் கேட்பது இங்கே வழக்கமில்லை.

5. கச்சேரிக்கு முந்தைய ஏழு நாள்

இந்தப் படியைத் தாண்டிவிட்டு அரங்குக்குப் போவது, ராகமும் சாகித்தியமும் அறியாத ஒருவர் இரண்டு மணி நேரக் கச்சேரியில் உட்காருவதற்கு ஒப்பாகும். கர்நாடக இசை கேட்பவருக்கு, பாடகர் முதல் வரியை எடுத்ததுமே பாடல் தெரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அவர் என்ன புதிதாகச் செய்கிறார் என்பதில் கவனம் நிற்கிறது. அந்த நிலையைத்தான் இங்கேயும் உருவாக்க வேண்டும். துவோர்ஷாக்கின் ஒன்பதாவது சிம்பொனியை எடுத்துக்காட்டாகக் கொண்டு நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். நான்கு முறை கேட்டால் போதும்.

முதல் நாள், கைபேசியைத் தள்ளி வைத்துவிட்டு முழுவதும் கேளுங்கள். எதையும் புரிந்துகொள்ள முயல வேண்டாம். பிடித்த இடம் வந்தால் நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள், மெதுவாகச் செல்லும் இரண்டாம் பகுதியை மட்டும் கேளுங்கள். அதன் தொடக்கத்தில் நீண்ட மெட்டை வாசிக்கும் கருவி ஆங்கிலக் கொம்பு என்று அழைக்கப்படுவது. ஓபோவின் குடும்பத்தைச் சேர்ந்த அதற்கு, நாதஸ்வரத்தின் சீவாளியைப் போலவே இரட்டை நாக்கு உண்டு. அளவும் குரலும் வேறானாலும், அந்த ஒலியின் மூக்கொலிச் சாயல் நாதஸ்வரம் கேட்ட காதுக்கு உடனே பிடிபடுகிறது. ஒரு கருவியைக் கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் காணக் கற்றால், மற்றவை ஒவ்வொன்றாகத் தாமே பிரிந்து கேட்கத் தொடங்கும்.

ஐந்தாம் நாள், முதல் பகுதியை எடுத்து, மேலே ஓடும் மெட்டை விட்டுவிட்டு அடியில் செல்லும் செல்லோக்களையும் டபுள் பாஸ்களையும் மட்டும் பின்தொடருங்கள். இது தமிழர்களுக்குக் கடினமன்று. இளையராஜாவின் திரைப்பாடல்களில், பாடுபவரின் குரலுக்கு அடியில் பேஸ் கிட்டார் தனி வழியில் நடந்து செல்வதைப் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறோம்; அதே காதை இங்கே பயன்படுத்தினால் போதும்.

ஏழாம் நாள், மீண்டும் முழுவதும் கேளுங்கள். முதல் பகுதியின் மெட்டு பின்னால் வரும் பகுதிகளிலும் தலைகாட்டுவதைக் கவனியுங்கள். இதைத் தாமாகக் கண்டுகொண்டவர்கள் யாரும் அரங்கில் சலிப்படைந்து நான் பார்த்ததில்லை.

இரண்டு பிழைகள் இங்கே அடிக்கடி நேர்கின்றன. சமைத்துக்கொண்டும் ரயிலில் நின்றுகொண்டும் பின்னணியில் ஓடவிடுவது முதலாவது. மெல்லிய இடங்கள் அனைத்தும் இரைச்சலில் காணாமல் போய்விடும். காணொளியாகப் பார்ப்பது இரண்டாவது. எந்தக் கருவி ஒலிக்கிறதோ அதைக் கேமரா காட்டிவிடுவதால், தேடிக் கண்டுபிடிக்கும் வேலையைக் காது செய்வதே இல்லை. அரங்கில் அந்தக் கேமரா இருக்காது.

6. புறப்படும் நாள்

உடையில் கட்டாயம் ஏதுமில்லை. அரைக்கால் சட்டையும் ரப்பர்ச் செருப்பும் இல்லாமல், நேர்த்தியாக உடுத்தினால் போதும். சேலை, வேட்டி எல்லாம் பொருத்தமே. ஆனால் கொலுசையும் கண்ணாடி வளையலையும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். நூறு பேர் மூச்சைப் பிடித்து மெல்ல வாசிக்கும் இடத்தில், தலைமுடியை ஒதுக்கக் கை தூக்கும்போது எழும் வளையல் ஓசை மேடை வரை செல்லும். குளிர்சாதனம் கடுமையாக இருக்கும் என்பதால் ஒரு சால்வை வேண்டும். இருமல் உள்ளவர்கள் மிட்டாயைக் காகிதத்திலிருந்து முன்பே பிரித்துக் கைக்குட்டையில் வைத்துக்கொள்ளுங்கள்.

உணவைக் கச்சேரிக்கு முன்பே முடித்துவிடுங்கள். ஆனால் வயிறு முட்ட உண்ண வேண்டாம், மெதுவான இரண்டாம் பகுதியில் கண் சொக்கிவிடும். லிட்டில் இந்தியாவில் உண்டுவிட்டு எஸ்பிளனேடுக்குச் செல்வோர் வடகிழக்கு ரயில்தடத்தில் ஒரு நிறுத்தம் சென்று தோபி காட்டில் வட்டத்தடத்துக்கு மாறினால், பிராஸ் பசாவுக்கு அடுத்தது எஸ்பிளனேட் நிலையம். அங்கிருந்து நிலத்தடி வழியாகவே செல்லலாம். விக்டோரியாவுக்கு ராஃபிள்ஸ் பிளேஸ் நிலையத்தில் இறங்கி, ஆற்றின் மேல் உள்ள கவேனா நடைபாலத்தைக் கடந்தால் அரங்கம் எதிரில் தெரியும்.

தொடங்கும் நேரத்துக்கு அரை மணி முன்பே சேருங்கள். கச்சேரி சொன்ன நேரத்தில் தொடங்கும். தாமதமாக வருபவர்கள் ஒரு படைப்பு முடியும் வரையோ தகுந்த இடைவெளி வரும் வரையோ வெளியேதான் நிற்க வேண்டும்.

7. உட்கார்ந்த பிறகு வரும் முதல் பத்து நிமிடம்

கைபேசியை ஒலியடக்கினால் போதாது; முழுவதும் அணைத்துவிடுங்கள். அதிர்வு ஓசையும் திரை வெளிச்சமும் பக்கத்தில் உள்ளவர்களைத் தொந்தரவு செய்யும்.

எஸ்பிளனேடில் மேடைக்குப் பின்னால் உயர்ந்து நிற்கும் பெரிய குழல் ஆர்கனைப் பார்த்து, அதை எப்போது வாசிப்பார்கள் என்று புதியவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். அதில் ஆயிரக்கணக்கான குழல்கள் உண்டு. முகப்பில் தெரிவது ஒரு சிறு பகுதியே. ஆனால் ஆர்கனுக்கென எழுதப்பட்ட படைப்பு இருக்கும் மாலையில்தான் அது ஒலிக்கும். அதற்காகக் காத்திருந்து ஏமாற வேண்டாம்.

குழுவினர் அமர்ந்ததும் முதன்மை வயலின் கலைஞர் எழுவார், ஓபோ ஒரே ஒரு சுரத்தைப் பிடிக்கும், மற்ற அனைவரும் அதற்குத் தம் கருவிகளைச் சேர்ப்பார்கள். நம் தம்பூராவின் வேலையை அந்த ஓபோ செய்கிறது; ஆனால் கச்சேரி முழுவதும் அது பின்னால் தொடராது. இந்தச் சேர்ப்பை இசையின் தொடக்கம் என்று எண்ணிக் கைதட்டுபவர்களும் உண்டு. நடத்துநர் நடந்து வரும்போதுதான் கைதட்ட வேண்டும்.

முதல் ஐந்து நிமிடம் ஒலி சிறியதாகத் தோன்றும். திரையரங்கிலும் சபாவிலும் ஒலிபெருக்கிக்குப் பழகிய காது, மெல்லிய ஒலியைத் தேடிச் செல்லும் வழக்கத்தை விட்டிருக்கிறது. பதறாமல் அமைதியாக இருங்கள். தொடக்கப் படைப்பு முடிவதற்குள் காது தன்னைச் சரிசெய்துகொள்ளும். தொடக்கப் படைப்பை அதற்கான நேரமாகவே நான் கருதுகிறேன்.

8. எப்போது கைதட்டுவது

சிம்பொனியின் பகுதிகளுக்கு இடையே இசை நிற்கும். அங்கே கைதட்டுவது வழக்கமில்லை. நான்கு பகுதிகளும் ஒரே உடலின் உறுப்புகள் என்பதால், நடுவில் உள்ள அமைதியும் இசையின் பங்காகக் கொள்ளப்படுகிறது. பகுதிகளை விரல்விட்டு எண்ணி, நான்காவது முடிந்ததும் தட்டலாம் என்று பலர் அறிவுரை சொல்வார்கள். அந்த எண்ணிக்கை எப்போதும் உதவாது. பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியில் மூன்றாம் பகுதி நிற்காமல் நான்காவதுக்குள் நுழைந்துவிடும். மெண்டல்சோனின் ஈ மைனர் வயலின் கன்செர்ட்டோவில் மூன்று பகுதிகளும் தொடர்ந்தே செல்லும். சைக்கோவ்ஸ்கியின் ஆறாவதில் மூன்றாம் பகுதி வெற்றி முழக்கமாக முடிவதால் அரங்கே தட்டிவிடுவதுண்டு. ஆனால் அதற்குப் பிறகுதான் துயரம் நிறைந்த கடைசிப் பகுதி வருகிறது.

எனவே நடத்துநரின் தோளைப் பாருங்கள். அவர் கை உயர்ந்திருக்கும் வரை இசை முடியவில்லை. துவோர்ஷாக்கின் ஒன்பதாவது, கடைசியில் ஊதுகருவிகள் பிடித்து நிற்கும் ஒலி மெல்லக் கரைந்து மறைவதோடு முடிகிறது. அப்படிக் கரையும் ஒலியின் மேல் விழும் ஒற்றைக் கைதட்டல், நாற்பது நிமிடம் கட்டியதைக் கலைத்துவிடும். கை இறங்கி, அவர் உடல் தளர்ந்த பிறகு, மனம் நிறையத் தட்டுங்கள்.

தொடையில் தாளம் போடுவதையும், நல்ல இடத்தில் “ஆஹா” என்று சொல்வதையும் நம்மால் எளிதில் விட முடிவதில்லை. அவை மரியாதையில் பிறந்த பழக்கங்கள்தான். ஆயினும் இங்கே கலைஞர்கள் எழுதிவைத்ததை வாசிக்கிறார்கள். உங்கள் குரலுக்கு அவர்கள் பதில் சொல்லும் வாய்ப்பில்லை.

9. இடைவேளை

இருபது நிமிட அளவே இருக்கும். கழிப்பறை வரிசை நீளும் என்பதால் முதலில் அங்கே செல்லுங்கள். பிறகு நிகழ்ச்சிக் குறிப்பில் சிம்பொனியின் பக்கத்தை மட்டும் படியுங்கள். தனி வாசிப்பாளர் கூடுதலாக ஒன்று வாசித்திருந்தால், அது குறிப்பில் அச்சாகியிருக்காது. அழைப்பு ஒலித்ததும் உள்ளே வந்துவிடுங்கள். இந்தக் கதவும் அதே கண்டிப்போடு அடைக்கப்படும்.

10. சிம்பொனியின்போது கண்ணுக்கு ஒரு வேலை

ஏழு நாள் தயாரித்தவர்களுக்கும் முப்பதாவது நிமிடத்தில் கவனம் சிதறும். அப்போது ஒரே ஒரு கலைஞரைத் தேர்ந்தெடுத்து அவரைப் பின்தொடருங்கள். அவர் எப்போது கருவியை எடுக்கிறார், எப்போது மூச்சு இழுக்கிறார், யாரைப் பார்க்கிறார் என்று கவனித்தால் காது தானாகத் திரும்பி வந்துவிடும்.

துவோர்ஷாக்கின் ஒன்பதாவதில் நான் காட்டுவது சிம்பல் தட்டு வைத்திருப்பவரை. முழு சிம்பொனியிலும் அந்தத் தட்டுகள் ஒரே ஒரு முறை, நான்காம் பகுதியின் முன்பாதியில் ஒலிக்கின்றன. அதுவும் முழக்கமாக அன்று, மென்மையாக. டியூபா என்ற பெரிய ஊதுகருவியை வாசிப்பவருக்கும் இரண்டாம் பகுதியில் சில சுரங்கள் மட்டுமே. முன்பு சொன்ன அக்காவின் மகன் முதல் முறை வந்தபோது அந்தத் தட்டுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கலைஞர் எழுந்து, இரண்டு தட்டுகளையும் மார்பளவுக்கு உயர்த்தி, ஒன்றின் விளிம்பை மற்றதோடு உரசவிட்டு, ஒலி அடங்கும் வரை அசையாமல் நின்று, மறுபடி உட்கார்ந்தார். பையன் என் கையைப் பிடித்து அழுத்தினான். அந்த ஒரு சுரத்துக்காக அவர் அரை மணி நேரத்துக்கும் மேலாக ஒவ்வொரு தாளச் சுற்றையும் எண்ணிக்கொண்டிருந்தார் என்பதை நான் வெளியே வந்தபின் சொன்னேன்.

11. வீடு திரும்பிய பிறகு

அன்றிரவே பதிவைப் போட்டுக் கேட்க வேண்டாம். நேரில் கேட்ட ஒலி நினைவில் தங்க ஓர் இரவு தேவை. மறுநாள் காலையில், எந்த இடத்தில் கவனம் விழித்தது, எந்த இடத்தில் தொலைந்தது என்று இரண்டு வரி எழுதிவையுங்கள். தொலைந்த இடத்தை மட்டும் பதிவில் எடுத்து இரண்டு முறை கேளுங்கள். பெரும்பாலும் அங்கே மெட்டு வயலின்களிலிருந்து இறங்கி, நீங்கள் பார்க்காத ஒரு கருவியிடம் போயிருக்கும்.

அடுத்த சீட்டை ஒரு மாதத்துக்குள் வாங்கிவிடுங்கள். இந்த முறை விக்டோரியாவில் கேட்டிருந்தால் எஸ்பிளனேடுக்கும், எஸ்பிளனேடில் கேட்டிருந்தால் விக்டோரியாவுக்கும் செல்லுங்கள். அதே குழு இரண்டு அரங்குகளில் எப்படி வேறாக ஒலிக்கிறது என்பது, முதல் அரங்கு காதில் இன்னும் மறையாமல் இருக்கும்போதுதான் தெரியும்.